அண்ணன் பார்த்துக்கொண்ட பைகள்

திருப்பதி மலையடிவாரத்து அலிபிரியில் விடிகிற நேரத்துக்கென்று ஒரு வாசனை உண்டு. எரிந்து முடிந்த கற்பூரம், மிதிபட்ட துளசி, மழையில் நனைந்த கல், எங்கோ கொதிக்கிற முதல் டீயின் ஏலக்காய். அந்த வாசனைக்குள் நாங்கள் பதினான்கு பேர் மஞ்சள் வேட்டியும் துளசி மாலையுமாக வெறுங்காலோடு நின்றிருந்தோம். புரட்டாசி. கடைசிச் சனிக்கிழமைக்கு முந்தின நாள்.

குருசாமி தேங்காயை உடைத்தார். "கோவிந்தா" என்றார். முதல் படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஒவ்வொருவராக ஏறத் தொடங்கினார்கள்.

என் அண்ணன் மட்டும் ஏறவில்லை. படிக்குப் பக்கத்துத் திட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"சாமி, எழுந்திரிங்க. எல்லாம் போய்க்கினு கீறாங்க."

"நான் வரல."

"காலு வலிக்குதா?"

"இல்ல."

"பின்ன இன்னா சாமி?"

அண்ணன் மாலையின் ஒரு மணியை விரலால் உருட்டிக்கொண்டே படிகளைப் பார்த்தார். அவை மேலே போகிற படிகள். அவர் பார்த்த விதமோ கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பதுபோல இருந்தது.

இந்தத் தொடரில் இத்தனை வாரமாக எங்கள் கடலைக் கொல்லையை எழுதினேன். பஸ்ஸை எழுதினேன். தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடிகிற என் கனவுகளைக்கூட எழுதினேன். அண்ணனை மட்டும் ஓரமாகவே உட்கார வைத்திருந்தேன். "உங்களுக்கு உடன்பிறந்தவர்கள் கிடையாதா?" என்று வாசகர் ஒருவர் கடிதம் போட்டிருந்தார்.

ஒருவர் இருக்கிறார். பெயர் தாமு. என்னைவிட ஆறு வயது பெரியவர்.

மழை பெய்ததா?

எங்கள் ஊர் ஆந்திர எல்லையில், விஜயபுரம் பக்கம். நான் வளர்ந்த காலத்தில் எங்கள் பையன்கள் இரண்டு திக்கில் போனார்கள். பாதிப் பேர் மெட்ராஸ் பஸ் ஏறினார்கள். மீதிப் பேர் குவைத்துக்குப் போனார்கள். நைனா அதுவரை அடுத்தவர் நிலத்தில் குனிந்த முதுகுக்காரர். அண்ணன் குவைத்தில் ஒரு வீட்டுக்கு டிரைவராகப் போன பிறகுதான் எங்களுக்கென்று ஒரு துண்டு மண் வந்தது.

வெள்ளிக்கிழமைகளில் கடைத்தெரு டெலிபோன் பூத்துக்கு அண்ணன் பேசுவார். அம்மா, அண்ணி, கைக்குழந்தை, நான், எல்லோரும் கண்ணாடிக் கூண்டுக்குள் முண்டியடித்து நிற்போம். வேர்த்துக் கொட்டும். அண்ணன் அங்கிருந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்.

"மய பெஞ்சிதா?"

பெய்தது என்றால் "ம்" என்பார். பெய்யவில்லை என்றாலும் அதே "ம்". எட்டு வருஷமும் அந்தக் கேள்விதான். பாலைவனத்தில் இருக்கிற மனுஷனுக்கு மண்மேல் எவ்வளவு பாசம் என்று பூரித்துப்போவோம். வேறெதுவும் கேட்க அவரிடம் தெம்பில்லை என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

திரும்பி வந்தபோது புலி படம் போட்ட கம்பளியும் வாசனைச் சோப்பும் கொண்டுவந்தார். சோப்பு வாசனை ஒரு மாதம் வீட்டில் இருந்தது. அது போகிற சமயத்தில் பிராந்தி வாசனை வந்து சேர்ந்தது. முதலில் ஞாயிறு மட்டும். பிறகு சாயங்காலங்கள். அப்புறம் காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னால்.

அம்மாவுக்கு ஒரே கேள்வி. "அங்க எட்டு வருசம் ஒரு சொட்டு தொடாதவன் இங்க வந்து இன்னாத்துக்குடா குடிக்கிறான்?"

அந்தக் கேள்விக்கு நான் ஒரு விடை கண்டுபிடித்தேன். அங்கே குடித்தால் ஜெயில். சட்டம் இருந்தது, மனுஷன் ஒழுங்காக இருந்தார். ஆகவே இங்கேயும் அவருக்கு ஒரு சட்டம் வேண்டும். எவ்வளவு புத்திசாலித்தனமான விடை! அதைக் கண்டுபிடித்த நாளில் எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

பஸ் ஜன்னல்

அப்போது ஸ்ரீ சிட்டியில் ஒரு கம்பெனியில் எனக்கு சூப்பர்வைசர் வேலை. நீலச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, ஏசி வைத்த கம்பெனி பஸ். எங்கள் வீட்டில் மாசக் கடைசி நாளில் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான். அந்த அட்டையைக் குளிக்கும்போதுதான் கழற்றுவேன்.

ஒருநாள் காலை ஷிப்டுக்குப் போகிற பஸ் எங்கள் ஊர்க் கூட்டுரோட்டில் நின்றது. நான் ஏறி உட்கார்ந்த பிறகு பார்த்தேன். புங்க மரத்தடியில் அண்ணன் கிடந்தார். லுங்கி விலகியிருந்தது. வாயோரம் ஈ.

டிரைவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "எவரண்ணா ஆயன? மீ ஊரா?" என்று கேட்டான். யார் அது, உங்கள் ஊரா என்கிறான்.

"தெலியதப்பா" என்றேன்.

தெரியாது. வேண்டுமென்றே தெலுங்கில் சொன்னேன். தமிழில் சொல்லியிருந்தால் வாய் கொஞ்சமாவது தயங்கியிருக்கும். பஸ் நகர்ந்தது. பின்சீட்டில் யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சாமி ஆன கதை

எங்கள் பக்கம் குடிகாரர் இருக்கிற வீடுகளில் ஒரு வழக்கம். மாலை போட்டுவிடுவார்கள். மாலை கழுத்தில் இருக்கும்வரை குடியைத் தொடக் கூடாது. ஒருவேளைச் சாப்பாடு, தரையில் படுக்கை, வெறுங்கால், தாடி. நேற்றுவரை "டேய் குடிகாரா" என்றவன் இன்றைக்கு "சாமி" என்பான். பெற்ற தாயும் காலில் விழுவாள்.

ஆடி கடைசியில் அண்ணனுக்கு மஞ்சள் மாலை போட்டோம். குருசாமி எங்கள் ஊர் டெய்லர்தான், வாய் கொஞ்சம் அதிகம். "புரட்டாசிக்கு மஞ்சள், கார்த்திகைக்கு கறுப்பு, தை மாசம் பச்ச. உங்க அண்ணனுக்கு வருசம் பூரா நான்தாம்பா துணி தெக்கணும்" என்றார். எல்லோரும் சிரித்தோம். எனக்கு அது வேடிக்கையாகத் தோன்றவில்லை. நல்ல திட்டமாகத் தோன்றியது.

அண்ணன் குடிக்கவில்லை. ஒரு சொட்டுகூட இல்லை. முதல் சில நாள் கை நடுங்கியது, வேர்த்தது, இரண்டு நாள் ஏதேதோ பிதற்றினார். அதுவே உயிரை எடுத்திருக்கக்கூடிய கட்டம் என்று பின்னால் ஒரு டாக்டர் சொல்லித் தெரிந்துகொண்டேன். நாங்கள் துளசி தண்ணீர் கொடுத்தோம். "பெருமாள் உள்ள பூந்து சுத்தம் பண்றாரு" என்றாள் அம்மா.

பிறகு அண்ணன் அமைதியானார்.

அந்த அமைதியைப் பற்றித்தான் நான் எழுத வேண்டும். அவர் சாப்பிடவில்லை. விரதம் என்றோம். பேசவில்லை. தியானம் என்றோம். மூன்று மணிக்கே விழித்துக் கொட்டக் கொட்ட உட்கார்ந்திருந்தார். சாமி பூஜைக்கு எழுந்துவிட்டார் என்றோம். கன்னம் ஒட்டி, தாடி வளர்ந்து, கண் எங்கோ போயிருந்தது. "முகத்துல இன்னா தேஜஸ் பாரு" என்றார்கள் பார்த்தவர்கள். உள்ளே ஒரு மனுஷன் அணைந்துகொண்டிருந்ததற்கு என்னென்ன அடையாளமோ, அத்தனையும் மாலை போட்டவருக்கு இருக்க வேண்டிய லட்சணங்களாகவும் இருந்தன. மஞ்சள் வேட்டி எல்லாவற்றையும் மூடிவிட்டது.

கம்பெனி ஆட்களை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். "எங்க அண்ணன், மாலை போட்டிருக்கார்" என்று அறிமுகம் செய்தேன். புங்க மரத்தடியைப் பார்த்துச் சிரித்த பஸ்காரர்கள் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். என் ஷிப்ட் இன்சார்ஜ் நெகிழ்ந்துபோய், "நானும் வரேன், சேர்ந்து நடக்கலாம்" என்று மூன்று நாள் மாலை போட்டுக்கொண்டார். எனக்கும் மூன்று நாள் மாலைதான். அண்ணன் நாற்பது நாளைத் தாண்டியிருந்தார். முதல் சனிக்கிழமைக் கூட்டத்தோடு மலையேற வேண்டியவரைக் கடைசிச் சனிக்கிழமைக்குத் தள்ளியவன் நான். இன்னும் கொஞ்ச நாள் குடிக்காமல் இருப்பாரே என்ற கணக்கு.

அண்ணி சுகுணா ஒருநாள் கிணற்றடியில் என்னை நிறுத்தினாள்.

"தம்பி, அவரு தூங்கறதே இல்ல. நேத்து பொண்ணு தலய தடவிக்கினே அழுதாரு. இன்னான்னு கேட்டா சொல்ல மாட்டேன்றாரு. திருப்பதியில ஒரு டாக்டருகிட்ட இட்டுகினு போலாமா?"

"மால போட்டவர டாக்டருகிட்டயா? என்ன டாக்டரு?"

"அதான்… மனசுக்குப் பாக்கற டாக்டரு."

"அண்ணி, கம்முனு இருங்க. ஊருக்குள்ள காதுல வுயுந்தா பைத்தியம்னு பேர் கட்டிடுவாங்க. இப்பதான் எல்லாரும் மரியாதையா பாக்கறாங்க."

அண்ணி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். குடிகாரனின் தம்பியாக இருப்பதைச் சிரித்துச் சமாளிக்கப் பழகியிருந்தேன். இந்த இன்னொரு சொல்லுக்கு எனக்குப் பழக்கமில்லை.

அண்ணனே ஒரு மத்தியானம் வாயைத் திறந்தார். "டேய், சோறு மண்ணு துன்ற மாதிரி கீதுடா" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "விரதத்துல அப்பிடித்தான் இருக்கும் சாமி" என்றேன். சின்ன வயதிலிருந்து அவரை "நீ" என்றுதான் கூப்பிடுவேன். மாலை போட்ட நாளிலிருந்து "நீங்க". அந்த "நீங்க" எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்தது. சாமியிடம் யாரும் உனக்கு என்ன துக்கம் என்று கேட்பதில்லை.

திட்டு

மறுபடி அலிபிரிக்கு வருகிறேன்.

அண்ணன் திட்டில் உட்கார்ந்திருக்கிறார். கூட்டம் முதல் வளைவைத் தாண்டிவிட்டது. நான் பக்கத்தில் குந்தினேன்.

"சாமி, மேல போனாத்தான மாலய கயட்ட முடியும்? இத்தினி நாள் இருந்துட்டு…"

"அதுக்குத்தான்டா வரல." அண்ணன் என் பக்கம் திரும்பவில்லை. "மேல போனா கயட்டிடுவாங்க. கயட்டிட்டா நான் இருக்க மாட்டேன்."

"மறுபடி குடிச்சிடுவேன்னு பயமா? கார்த்திகைக்கு உடனே கறுப்பு போட்டுக்கலாம் சாமி."

"குடி இல்லடா." மணியை உருட்டுவது நின்றது. "மால கயுத்துல இருக்கறப்போ உயிர போக்கிக்கக் கூடாதுல்ல? பாவம்ல? அதனாலதான் இன்னும் கீறேன். கயட்டிட்டா என்ன அடக்கறதுக்கு ஒண்ணும் இல்ல."

டீக்கடையில் பாய்லர் சீறியது. ஒரு குடும்பம் படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டு எங்களைக் கடந்துபோனது. அதில் ஒரு அம்மாள் அண்ணனைப் பார்த்துக் கை கூப்பினாள். அண்ணனும் கை கூப்பினார்.

இந்த இடத்துக்குப் பிறகு நடந்ததைப் பலபேரிடம் சொல்லியிருக்கிறேன். "அந்த நிமிஷமே அண்ணன் கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றி டாக்டரிடம் கொண்டுபோனேன்" என்று. சொல்லிச் சொல்லி எனக்கே அந்த ஆட்டோவின் சீட் உறை நிறம்கூட ஞாபகத்தில் வந்துவிட்டது.

அது பொய்.

முதலில் நான் செய்தது, திரும்பிப் பார்த்தது. யாராவது கேட்டுவிட்டார்களா என்று. வளைவில் ஷிப்ட் இன்சார்ஜ் நின்று கை காட்டினார்: என்ன ஆச்சு, வாங்க. நான் ஏறாமல் நின்றுவிட்டால் அவரிடம் காரணம் சொல்ல வேண்டும். எந்தக் காரணத்தைச் சொன்னாலும் திங்கட்கிழமை பஸ்ஸில் அது எனக்கு முன்னால் ஏறி உட்கார்ந்திருக்கும்.

நான் எழுந்தேன். எங்கள் கூட்டத்தின் பைகள் திட்டின்மேல் குவிந்திருந்தன. அங்கேயே பைகளை வாங்கி மலைமேல் கொண்டுபோய்த் தருகிற கவுன்டர் இருந்தது. அது எனக்குத் தெரியும், அண்ணனுக்கும் தெரியும்.

"சரி சாமி. நீங்க ஏற வேணாம். மாலய கயட்டவும் வேணாம். கவுன்டர்ல கூட்டமா கீது. இந்தப் பைங்கள பாத்துக்கினு இங்கயே இருங்க. நாங்க போயிட்டு வந்துர்றோம்."

அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தார். கவுன்டரைப் பார்த்தார். அங்கே மூன்றே பேர் நின்றிருந்தார்கள்.

"சரிடா. போயிட்டு வா" என்றார்.

மேலே

ஏறினேன். எத்தனையோ படிகள். "தாமு சாமிக்கு முட்டிவலி" என்றேன். "பாவம், பெருமாள் அனுமதிக்கல" என்றார் குருசாமி. கோவிந்தா என்று எல்லோரையும்விட உரக்கக் கத்தியவன் நான்.

பாதி மலையில், கோபுரத்துக்கு அருகே, கீழே திருப்பதி தெரிந்தது. தீப்பெட்டி தீப்பெட்டியாக வீடுகள். அதில் ஒரு மூலையில் மஞ்சள் வேட்டியில் ஒரு மனுஷன். இறங்கிவிடலாம் என்று கால் சொன்னது. இன்சார்ஜ் ஒரு கீற்று மாங்காயை மிளகாய்ப்பொடி தூவி நீட்டினார். வாங்கித் தின்றேன்.

புரட்டாசிச் சனிக்கிழமைக் கூட்டம் எப்படியிருக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். கூண்டுக்குள் கூண்டாக உட்கார வைத்தார்கள். போனைக் கீழேயே வாங்கி வைத்துவிட்டார்கள். அந்த இரவும் மறுநாள் மத்தியானம்வரையும் உள்ளே. சன்னதியில் ஒரு நொடி நின்றேன். யாரோ தள்ளினார்கள். நான் என்ன வேண்டினேன் என்று நினைவில்லை. எதையாவது வேண்டினேனா என்பதும் நிச்சயமில்லை.

மொட்டையோடு மலையிலிருந்து பஸ் ஏறினேன். நான் ஓர் ஆளை எங்கே, அவர் என்ன சொன்ன பிறகு விட்டுவந்தேன் என்பது வளைவுக்கு வளைவு பெரிதாகிக்கொண்டே வந்தது. அலிபிரியில் பஸ் நிற்கும் முன்பே குதித்தேன். முழங்கால் சிராய்த்தது.

அண்ணன் அங்கேதான் இருந்தார்.

அதே திட்டு. பைகளை இரண்டு வரிசையாக அடுக்கி, மழை பெய்திருக்க வேண்டும், தன் மேல்துண்டால் மூடியிருந்தார். உதடு வெடித்திருந்தது.

"துன்னியா?" என்று கேட்டேன். "நீங்க" தானாகவே உதிர்ந்துவிட்டிருந்தது.

"இல்ல."

"தண்ணியாவது குடிச்சியா? எதிர்லதான கீது குழாய்?"

"பைய உட்டுட்டு எப்பிடிடா போறது?" என்றார். "ஒருவாட்டி எழுந்தேன். ரோட்டு வரைக்கும் போனேன். லாரிங்க போய்க்கினு இருந்துச்சி. யாராவது பைய தூக்கினு போயிட்டா நீ ஊர்ல தல காட்ட முடியாதேன்னு திரும்பி வந்துட்டேன்."

என் மானத்தை அவர் காவல் காத்துக்கொண்டிருந்தார். நான்தான் அவை வெறும் பைகள் என்று நினைத்திருந்தேன்.

"அண்ணா" என்றேன். இரண்டு மாதத்தில் முதல் தடவை. பைகளை அங்கேயே விட்டேன். ஆட்டோ பிடித்தது உண்மை. டாக்டரிடம் போனதும் உண்மை.

டாக்டர்

மருந்துக்கடைக்காரர் வழி சொன்ன சின்ன கிளினிக். காத்திருந்தவர்கள் மாலையைப் பார்த்ததும் எழுந்து, "சாமி, உட்காருங்க" என்று பெஞ்சைக் காலி செய்தார்கள்.

டாக்டர் அம்மாவுக்கு அம்பது வயது இருக்கும். தெலுங்குக்காரர், எங்களுக்காகத் தமிழைத் தேடித் தேடிப் பேசினார். "எத்தனை நாளா தூக்கம் இல்லை?"

நான் முந்திக்கொண்டேன். "மேடம், அம்பது நாளுக்கு மேல ஒரு சொட்டு குடிக்கல."

"நான் அதைக் கேக்கலை."

அண்ணன் மெதுவாகப் பேசத் தொடங்கினார். "குவைத்துலயும் இப்பிடித்தாம்மா இருந்தேன். ரூம்ல செவுத்த பாத்துக்கினு. அங்க குடிக்க முடியல, அவ்ளோதான்."

எட்டு வருஷம். நாங்கள் கூண்டுக்குள் வேர்க்க வேர்க்க நின்று மழைக்கணக்கு சொல்லிக்கொண்டிருந்த எட்டு வருஷம்.

டாக்டர் மாத்திரை எழுதினார். மூன்று வேளையும் சோறு சாப்பிடச் சொன்னார். மாலையை அவர் கழற்றச் சொல்லவில்லை. "அது உங்களைப் பிடிச்சு வெச்சிருக்கு. மருந்து பிடிக்கிற வரைக்கும் இருக்கட்டும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, அவசரத்தில் தெலுங்குக்கே போய்விட்டார். "ஒண்டரிகா வதலகண்டி." தனியாக விட்டுவிடாதீர்கள்.

தலையாட்டினேன். அண்ணன் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விருந்து

எல்லாம் அதோடு சரியாகிவிடவில்லை. நான்கைந்து வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், பூஜையும் சடங்கும் இல்லாமல், அண்ணன் மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு "பசிக்குது" என்றார். அண்ணி அடுப்படிக்குள் போய் அழுதாள். அதன்பிறகும் இரண்டு தடவை குடியில் விழுந்தார். ஒரு தடவை மாத்திரையை நிறுத்திவிட்டு எங்களைக் கலங்கடித்தார். மாதம் ஒருமுறை நானும் அவரும் திருப்பதி பஸ் ஏறுவோம். கம்பெனியில் கேட்டால், "அண்ணனை மனநல டாக்டரிடம் கூட்டிப்போகிறேன்" என்றே லீவு எழுதினேன். கம்பெனி பஸ்ஸில் யாரும் சிரிக்கவில்லை. இரண்டு பேர் தனியாக வந்து அந்த டாக்டரின் விலாசம் கேட்டார்கள்.

அண்ணன் மகளுக்கு வளைகாப்பு, கொஞ்ச காலம் முன்பு. இலை போட்டு உட்கார்ந்திருந்தோம், நானும் அவரும் பக்கத்தில் பக்கத்தில். அண்ணியின் உறவுக்காரர் ஒருவர் என்னைக் காட்டி எல்லோருக்கும் கேட்கிறமாதிரி சொன்னார்: "தம்பின்னா இப்பிடி இருக்கணும்யா. அண்ணன் ஒரு வார்த்த சொன்னதும் அந்த நிமிசமே ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு ஓடிக்கீறான். இல்லனா தாமு ஏது?"

என் பொய் ஊரெல்லாம் சுற்றி, நல்ல உடுப்பு போட்டுக்கொண்டு என் இலைக்கு முன்னால் வந்து நின்றது. அண்ணன் மறுக்கவில்லை. சோற்றில் குழி பண்ணி ரசம் வாங்கிக்கொண்டிருந்தார்.

பேச்சு வேறு பக்கம் போன பிறகு, தலை குனிந்தபடி, அவருக்கு மட்டும் கேட்கிறமாதிரி சொன்னேன். "அண்ணா, அன்னிக்கி நான் மேல போயிருக்கக் கூடாது."

"போனா இன்னாடா. வந்தியே" என்றார்.

இரண்டு வாய் சாப்பிட்டார். தண்ணீர் குடித்தார். நான் அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, குற்றம் சொல்கிற குரலே இல்லாமல் சொன்னார்:

"ஆனா ரொம்ப நேரம் ஆச்சிடா."